கண்மாய்க்கரையில் நாய்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்மாய்க்கரை நடைபாதை பற்றி சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். காலை நடைக்கு வருகிறவர்கள் நாயைக் கூட்டிவரக் கூடாது, வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அவர் சொன்ன குறைகள் இரண்டும் உண்மை. நாய் அசிங்கம் செய்துவிட்டுப் போன இடத்தில் அடுத்தவர் காலை வைக்க வேண்டியிருக்கிறது. கயிறு இல்லாமல் விட்ட நாய் ஒன்று அவருடைய பேரன் மேல் தாவியிருக்கிறது. பிள்ளை இன்னும் பயந்துபோய் இருக்கிறான் என்று படித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் நாய்களை நடக்கவே விடாதீர்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வெளியே நடக்காமல் கட்டிக் கிடக்கிற நாய்தான் அதிகம் கடிக்கிறது. தபால்காரனாக வேலை பார்த்து நான் நேரில் கண்டது இது.

தபால் பையோடு தெருத்தெருவாகப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், வீட்டுக்கு வீடு நாயின் குணத்தைச் சொல்வார்கள். தெருவில் திரியும் நாய் தன் எல்லைக்குள் நுழைந்தால் குரைக்கும், எல்லை தாண்டியதும் நின்றுவிடும். ஓடாமல், முறைத்துப் பார்க்காமல், சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போனால் பெரும்பாலும் போதும். நான் பயந்ததெல்லாம் கேட்டுக்குள் சங்கிலியில் கிடக்கும் நாய்க்குத்தான். அது கட்டியிருக்கும் இடத்தைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். சங்கிலி எட்டும் தூரத்துக்கு மண் தேய்ந்து வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும். உள்ளே ஒரு புல் இருக்காது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடக்கும். காலையிலிருந்து ராத்திரி வரை அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிக் கிடக்கும் உயிர், கேட்டைத் திறந்துகொண்டு ஒருவன் வந்தால் பாயாமல் என்ன செய்யும்?

நான் தபால் கொடுத்து வந்த பகுதியில் ஒரு வீட்டில் அல்சேஷன் நாய் இருந்தது. மணியார்டர் வந்தால்கூட வீட்டுக்காரர் தெருவுக்கு வந்துதான் வாங்கிக்கொள்வார். அந்த வீட்டுப் பையன் படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், காலையும் மாலையும் அதைக் கூட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். முதலில் அதுதான் அவனை இழுத்துக்கொண்டு ஓடியது. சில மாதம் போனது. அப்புறம் நான் கேட்டருகே நின்றால் எழுந்து வந்து என் கையை முகர்ந்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளும். நாயும் அதேதான், வீடும் அதேதான். புதிதாகச் சேர்ந்தது நடை ஒன்றுதான்.

நாய் வளர்ப்பதே வசதி வந்தவர்களின் புதுப் பழக்கம் என்றும் அந்த வாசகர் எழுதியிருக்கிறார். இதற்கு என் பதிலைவிட ஒரு கல் நல்ல பதில் சொல்லும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. சண்டையில் இறந்த வீரனோடு அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன், இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று பெயரோடு வெட்டிவைத்து ஏறக்குறைய 1,400 வருஷம் ஆகிறது. நம் பக்கத்துக் கருப்பசாமி கோயில்களில் சாமி காலடியில் நாய் நிற்பதை எத்தனை ஊரில் பார்த்திருக்கிறோம்!

எங்கள் வீட்டு முதல் நாய் வெள்ளையன். செல்லூரில் குடியிருந்தபோது சொந்தக்காரர் ஒருவர் ராஜபாளையத்திலிருந்து குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தார். உடம்பெல்லாம் பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். வெள்ளையாகப் பிறக்கும் ராஜபாளையம் இனத்துக் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு என்று சொன்னவர்கள் உண்டு. அம்மா சம்மதிக்கவில்லை.

காது கேட்காத நாயோடு நடப்பது தனிப் பழக்கம். பின்னால் லாரி வருவது அதற்குத் தெரியாது, ரோட்டில் கயிற்றைத் தளர்த்தவே முடியாது. வைகையில் இறங்கிய பிறகுதான் நீளக் கயிறு. அப்போது ஆற்றில் மணல் இருந்தது. வெளுத்த வேட்டிகளை மணலில் வரிசையாக விரித்துக் காயப்போட்டிருப்பார்கள். ஒன்றையும் மிதிக்காமல் இடையில் வளைந்து வளைந்து போக வெள்ளையன் பழகிக்கொண்டான். பத்தடிக்கு ஒருமுறை நின்று திரும்பி என் முகத்தைப் பார்ப்பான். நான் கை நீட்டிய பக்கம் போவான், உள்ளங்கையைக் காட்டினால் நிற்பான், தொடையில் தட்டிக் காட்டினால் ஓடி வருவான். அவன் பார்த்துக்கொண்டே இருப்பதால் நானும் அவனையே பார்த்து நடப்பேன். அந்த நடையில் எனக்கு வேறு நினைப்பே வந்ததில்லை. தீபாவளி ராத்திரி தெரு நாயெல்லாம் வெடிச் சத்தத்துக்கு ஒளிய இடம் தேடும்போது அவன் திண்ணையில் அசந்து தூங்குவான்.

2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று. வெள்ளையன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரு தபால்தலை வாங்கி அவனுடைய கழுத்துப் பட்டையோடு வைத்தேன். இன்னும் பத்திரமாக இருக்கிறது.

அடுத்தவள் செவலை. நாகமலை புதுக்கோட்டைக்கு வீடு மாறி வந்த புதிதில் தானாக வாசலுக்கு வந்த நாட்டு நாய். கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு வைத்துக்கொண்டோம். அவளோடு நடந்ததெல்லாம் கீழக்குயில்குடிப் பக்கம். சமணர் மலை அடிவாரம், தாமரைக்குளம், ஐயனார் கோயில் வாசல், ஆலமரத்து நிழல் என்று ஒரு சுற்று. மேலே இருக்கும் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். அவளுக்கு மயில் நடந்துபோன தடம் கிடைத்தால் போதும், மூக்கைத் தரையிலிருந்து எடுக்க மாட்டாள்.

இங்கே நாய் வளர்க்கிற நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாயைக் கூட்டிப் போகிறவர்களில் பாதிப் பேர் அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். அது ஒரு செடியை முகரக் குனிந்தால் கயிற்றைச் சுண்டுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வாசனை அறியும் செல்கள் நம் மூக்கில் ஐம்பது, அறுபது லட்சம் என்றால் நாயின் மூக்கில் இருபது கோடிக்கும் மேல். அந்தச் செடியடியில் இன்னொரு நாய் நின்றதா, ஆணா பெண்ணா, எப்போது போனது என்பதெல்லாம் அதற்கு அங்கே கிடைக்கிறது. முகர விட்டால் சின்ன நடையிலேயே அதன் மனசு நிறைந்துவிடும். நாம் கைவீசி வேகமாக நடக்க வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு நேரம் போகலாம். நாயோடு போகிற நேரம் நாய்க்கு உரியது.

செவலைக்கு வயதாகி இடுப்பு தளர்ந்த பிறகு தெருமுனை கரண்டுக் கம்பம் வரைதான் போவோம். எதிர்வீட்டுத் தம்பி, "ஏண்ணே, பாவம், அதப் போயி இழுத்துக்கிட்டுத் திரியிறீங்க?" என்று கேட்பார். நான் இழுக்கவில்லை. விடிந்தால் அவளே கேட்டருகே வந்து நின்றுகொள்வாள். கம்பத்தை முகர்ந்து முடிக்க அவளுக்கு நெடுநேரம் ஆகும், நான் நிற்பேன். நடக்கக்கூடிய வரை கிழ நாயையும் வெளியே கூட்டிப் போங்கள். தூரம் முக்கியமில்லை.

இப்போது இருப்பது பிரவுனி. மகள் பெங்களூருக்கு மாறிப்போனபோது எங்களிடம் விட்டுவிட்டுப் போன லாப்ரடார். எங்களைப் போல எத்தனையோ பெற்றோர் இன்று பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய நாயை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். குளிர்ந்த கடலோரத்தில் மீனவர்களோடு வேலை செய்த இனம், மேலே ஒரு மயிர், அடியில் ஒரு மயிர் என்று இரட்டைக் கம்பளி போர்த்திய உடம்பு. மதுரை வெயில் அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். மூக்கு சப்பையான பக் நாய்களுக்கு அதுவும் சரியாக முடியாது. அக்னி நட்சத்திரத்தில் பொழுது சாய்ந்த பிறகும் தார் ரோடு கொதித்துக்கொண்டிருக்கும். புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால் நாயை அதில் நடத்தக் கூடாது. நாம் செருப்புப் போட்டிருக்கிறோம்.

அதனால்தான் கண்மாய்க்கரையைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். வெள்ளையன் நடந்த வைகையில் இன்று கருவேலமும் சாக்கடைத் தண்ணீரும்தான். செவலையோடு போன ரோட்டில் வண்டிகள் பெருகிவிட்டன. மண் தரை, மர நிழல், கண்மாய்க் காற்று மூன்றும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் கரை மட்டும்தான். அதையும் மூடினால் நாய்கள் பழையபடி சங்கிலி வட்டத்துக்குள்ளும் மொட்டை மாடிக்கும்தான் போகும். அடுத்து அந்தத் தெருவில் பேப்பர் போடும் பையனுக்கும் பால்காரருக்கும்தான் கடி விழும்.

நான் கேட்பது இவ்வளவுதான். காலை 5 மணி முதல் 6½ வரை கரையின் ஒரு பக்கத்தை மட்டும் நாயோடு வருகிறவர்களுக்கு விடுங்கள். குழந்தைகளும் வயதானவர்களும் மறுபக்கம் நிம்மதியாக நடக்கட்டும். கயிறு கட்டாயம் இருக்க வேண்டும். இழுக்க இழுக்க நீளும் கயிறு கூட்டத்தில் வேண்டாம், கைக்கு அடக்கமான கயிறு போதும். வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டையைக் காட்டினால்தான் உள்ளே விட வேண்டும். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். எந்த நாய் கடித்தாலும், பிராண்டினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இதை நுழைவாசலில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் நல்லது.

அசிங்கத்தை அள்ளுவது வளர்க்கிறவர் பொறுப்பு, அதில் இரண்டாம் பேச்சே இல்லை. நான் பழைய பேப்பரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன். ஆனால் அள்ளியதைப் போட இடம் வேண்டும். மடைக்குப் பக்கத்தில் மூடி போட்ட குப்பைத் தொட்டி ஒன்று வைத்துத் தந்தால், கரையில் நாயோடு நடக்கிற நாங்கள் முறை வைத்து அதைச் சுத்தம் செய்துகொள்கிறோம். என்னோடு நடக்கிறவர்களிடம் பேசிவிட்டேன், எல்லோரும் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.