வாய்க்குள் கீழே என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேத்தி வாங்கி வந்த ஆங்கிலக் கையேடு ஒன்றில் 'டவுன் இன் த மவுத்' என்பதற்கு 'வாய்க்குள் கீழே' என்று போட்டிருக்கிறது. 30 வருடம் ஆங்கிலம் நடத்தியவள் நான், சும்மா இருக்க முடியவில்லை. மனசு சரியில்லாதபோது உதட்டோரம் கீழே தொங்குமே, அந்த வாட்டத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

'ஹேண்ட் டு மவுத்' பரவாயில்லை, நம் கைக்கும் வாய்க்குமான பிழைப்புதான். ஆறு கடலில் சேரும் இடம் அவர்களுக்கு 'மவுத்', நமக்கு முகத்துவாரம். கையேட்டில் 'ஆற்றின் வாய்' என்றிருக்கிறது!

'ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் த ஹார்ஸஸ் மவுத்' குதிரைப் பந்தயத் துப்பு வழியாக வந்த பேச்சு. விஷயம் தெரிந்தவரே நேரில் சொன்ன சேதி என்று பொருள். கையேட்டுக்காரர் 'குதிரை வாயிலிருந்து நேராக' என்று எழுதிவிட்டார். "அய்யனார் கோயில் மண்குதிரைகூட வாயைத் திறந்துதானே நிற்குது, அது என்ன சொல்லும் ஆயா?" என்கிறாள் பேத்தி. என்னிடம் பதில் இல்லை.

அடுத்த பதிப்பையாவது இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சடிக்கட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
காரைக்குடி