விடை மட்டும் போதாது, உரையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் நாள்தோறும் வெளிவரும் க்ரிப்டிக் வகைக் குறுக்கெழுத்துப் புதிரைப் பல ஆண்டுகளாக விடாமல் போட்டு வருபவன் நான். ஒரு சொல்லின் பொருளையும் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகச் செய்துகொள்ளும் வழியையும் ஒரே வாக்கியத்துக்குள் ஒளித்துவைக்கும் இந்தப் புதிரைத் தமிழில் ஒவ்வொரு நாளும் அமைப்பது எத்தனை உழைப்பைக் கேட்கும் என்பதை நான் அறிவேன். அந்த உழைப்புக்கு முதலில் என் நன்றி. மறுநாள் விடைகளை வெளியிடும்போது நிரப்பிய கட்டத்தை மட்டும் அச்சிடாமல், ஒவ்வொரு குறிப்பும் அதன் விடையை எப்படித் தருகிறது என்பதற்கு ஒரு வரி விளக்கத்தையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்கு இந்த எண்ணம் ஏற்படக் காரணமாக இருந்தது மிகச் சிறிய குறிப்பு ஒன்று: "பாம்பின் ஓசை (4)". அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. குறுக்கே ஓடிய விடைகளிலிருந்து முதல் எழுத்தும் கடைசி இரண்டு எழுத்துகளும் கிடைத்திருந்ததால் "அரவம்" என்று எழுதினேன். சருகின் மேல் பாம்பு ஊர்ந்து செல்லும்போது எழும் மெல்லிய சத்தத்தைத்தான் புதிர் அமைத்தவர் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். மறுநாள் கட்டத்தில் அதே விடை இருந்ததால் மனநிறைவோடு அடுத்த புதிருக்குச் சென்றுவிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு வேறு எதற்காகவோ அகராதியைப் புரட்டியபோதுதான், அரவம் என்பதற்கு ஓசை என்ற பொருளோடு பாம்பு என்ற பொருளும் தனியே உண்டு என்பதைப் பார்த்தேன். அந்தக் குறிப்பில் இருந்தவை ஒரே சொல்லின் இரண்டு பொருள்கள். நடுவில் நின்ற வேற்றுமை உருபு அவற்றை இணைக்கும் வெறும் பாலம். என் விடை சரியாக இருந்தது, ஆனால் அந்தக் குறிப்பை நான் விடுவிக்கவே இல்லை. விடைக் கட்டத்தின் ஓரத்தில் "அரவம்: பாம்பு, ஓசை என இருபொருள்" என்ற ஐந்து சொற்கள் இருந்திருந்தால் அதை அன்றைக்கே அறிந்திருப்பேன்.

இப்படித் தப்பிப் போனவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. க்ரிப்டிக் புதிரில் விடை என்பது பாதிதான். அந்த விடை ஏன் வேறொன்றாக இருக்க முடியாது என்று காட்டும் வழி மறுபாதி. சாதாரணக் குறுக்கெழுத்தில் "நீரில் வளரும் மலர்" என்று கேட்டால் மறுநாள் "தாமரை" என்று மட்டும் சொன்னால் போதும். "மானுக்கு முன் கொடு, குளத்தில் மலரும் (3)" என்று கேட்டுவிட்டு "தாமரை" என்று மட்டும் சொன்னால் போதாது. மரை என்பது மான் என்பதை அறியாத வாசகருக்கு, அந்த மரைக்கு முன்னால் "கொடு" என்ற பொருளில் "தா" வந்து நின்றதை யாராவது சொல்லியாக வேண்டும்.

விளக்கம் எப்படி இருக்கலாம் என்பதற்கு நானே அமைத்த குறிப்பு ஒன்றைத் தருகிறேன். "மந்திரவாதி முதலில் வந்தால் தகரம் உருமாறிப் பச்சைக்கல்லாகும் (5)". படித்ததும் மனத்தில் தோன்றுவது இரும்பையும் தகரத்தையும் மணியாக மாற்றும் வித்தைக்காரன். அவனை மறந்துவிட்டு எழுத்துகளை மட்டும் பார்க்க வேண்டும். மந்திரவாதியின் முதல் எழுத்து "ம". "தகரம்" என்பதன் எழுத்துகளை இடம் மாற்றினால் "ரகதம்". இரண்டும் சேர்ந்தால் மரகதம், அதாவது பச்சைக்கல். இதைத் தங்கள் நாளிதழ் "ம(ந்திரவாதி) + தகரம் கலைந்து = மரகதம்" என்று ஒரே வரியில் அச்சிடலாம். அந்த ஒரு வரியைப் படித்த புதியவர், அடுத்த வாரம் "உருமாறி", "கலங்கி", "சிதறி" போன்ற சொல் எதைக் கண்டாலும் அங்கே எழுத்துகள் இடம் மாறக்கூடும் என்று சந்தேகிக்கத் தொடங்குவார். குறுக்கெழுத்து கற்றுக்கொள்ளப்படுவது இப்படித்தான்.

எனக்கு மிகவும் பிடித்த வகை இன்னொன்று. "ஈசனை அழைத்துத் திருப்பிப் படி (2)" என்ற குறிப்பில் முதலில் ஈசனை அழைக்க வேண்டும். சிவன் என்ற பெயர் விளியில் "சிவா" ஆகும். அதைத் திருப்பினால் "வாசி", அதாவது படி. வாசியைத் திருப்பினால் சிவா என்பது யோக மரபினரிடையே நெடுங்காலமாகப் புழங்கிவரும் சொல் விளையாட்டுதான். குறிப்பின் மேல்தோற்றத்தில் ஒன்றாக நிற்கும் "திருப்பிப் படி" என்பதை நடுவில் வெட்டி, முதற்பாதியைக் கட்டளையாகவும் பிற்பாதியைப் பொருளாகவும் கொள்ள வேண்டும். இந்த வெட்டு எங்கே விழுகிறது என்று காண்பதில்தான் விடுவிப்பவரின் பெரும்பாலான நேரம் செலவாகிறது. விடையின் பொருள் பெரும்பாலும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும் என்பது எங்கும் உள்ள பொதுவிதி. தமிழில் வினை இறுதியில் வந்து நிற்பதால், "ஆகும்", "கொடுக்கும்" என்று முடியும் குறிப்புகளில் அந்தப் பொருள் பின்பாதியிலேயே அமைந்துவிடுவதை என் அனுபவத்தில் மிகுதியாகக் கண்டிருக்கிறேன். "தலையிழந்த சிகரம் கை கொடுக்கும் (3)" என்றால் சிகரம் தன் முதல் எழுத்தை இழந்து கரம் ஆகிறது. பொருளைத் தொடக்கத்தில் வைக்கும் புதிர் ஆசிரியர்கள் குறைவு, அவர்களுடைய குறிப்புகள் கடினமானவை. அவற்றுக்குத்தான் விளக்கம் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

இந்தப் புதிர் வகை மேலைநாட்டில் உருவானது என்பது உண்மை. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்து வைர வடிவில் இருந்தது. அதன் குறிப்புகள் நேரடியானவை. குறிப்பைப் புதிராக்கும் வழக்கம் 1920களில் பிரிட்டனில் வளர்ந்தது. 1926 முதல் அப்சர்வர் இதழில் டார்க்கமாடா என்ற புனைபெயரில் எழுதியவரே அதை முழுமையாகக் கையாண்டவர். அவருக்குப் பின் வந்த ஜிமெனஸ் 1966இல் வெளியிட்ட நூல் இக்கலைக்கு ஒழுங்கு வகுத்தது. பொருள் துல்லியமாக இருக்க வேண்டும், சொல் விளையாட்டு நேர்மையாக இருக்க வேண்டும், இவை இரண்டையும் தவிர வேறு எதுவும் குறிப்பில் இருக்கக் கூடாது என்று அவர் வழிவந்தவர்கள் அந்த ஒழுங்கைச் சுருக்கிச் சொல்வார்கள்.

ஆனால் வடிவம் வெளியிலிருந்து வந்ததே தவிர, உள்ளிருக்கும் விளையாட்டுகள் நமக்குப் புதியவை அல்ல. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி என்றும் பிரிமொழி என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இருபொருள் தரும் "அரவம்" முதல் வகை. "தா" என்றும் "மரை" என்றும் பிரிந்து வேறு பொருள் தரும் "தாமரை" இரண்டாவது வகை. அதே நூல் வரிசைப்படுத்தும் சித்திரகவிகளில், அதாவது எழுத்துகளைக் கொண்டு வித்தை காட்டும் செய்யுள் வகைகளில், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் மாலைமாற்று இருக்கிறது. எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க வேறு சொல் பிறக்கும் அக்கரச்சுதகம் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சேர்க்கும் எழுத்து வருத்தனம் இருக்கிறது. ஒரு செய்யுளுக்குள் இன்னொன்று மறைந்திருக்கும் கரந்துறைச் செய்யுள் இருக்கிறது. பல வினாக்களுக்குரிய விடைகளைக் கோத்தால் இறுதி விடை வரும் வினாவுத்தரமும் இருக்கிறது. குறுக்கெழுத்தில் நாம் சொல்லைத் திருப்புவதும், தலையை வெட்டுவதும், ஒளித்துவைப்பதும், துண்டுகளைக் கோப்பதும் இவைதாம்.

இவற்றை நம் முன்னோர் மூலத்தோடு மட்டும் விட்டுவிடவில்லை என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. திருஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டும் பதவுரை இல்லாமல் பொருள் கொள்வது, நன்கு கற்றவருக்கும் அரிது. சிலேடை வெண்பாக்களை அச்சிட்டவர்கள் இரண்டு பொருளையும் அடுத்தடுத்து வைத்து உரை எழுதினார்கள். அந்த உரையைப் படித்தபின்தான் பாடலின் அழகு நமக்குப் புலப்பட்டது. இன்றைய விடைக் கட்டம் உரையைப் பிரித்தெடுத்துவிட்டு மூலத்தை மட்டும் நம் கையில் தருகிறது.

விளக்கம் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் புதிரின் நேர்மை. அதை வாசகருக்குச் செய்யும் உதவியைவிடப் பெரிதாகவே நான் கருதுகிறேன். தமிழில் இந்தப் புதிர்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விதிகள் இன்னும் உறுதிப்படவில்லை. வேற்றுமை உருபையே எடுத்துக்கொள்வோம். "பழகு மரியாதையுடன், உள்ளே இருக்கும் பெண்ணிடம் (3)" என்று ஒரு குறிப்பு. "பழகு மரியாதை" என்ற தொடருக்குள் "குமரி" அடுத்தடுத்த எழுத்துகளாக ஒளிந்திருக்கிறாள், அவள்தான் விடை. ஆனால் குமரி என்பதற்குப் பொருள் பெண், "பெண்ணிடம்" அல்ல. அந்த உருபைக் கழித்துவிட்டுப் படிக்கலாம் என்பது ஒரு கட்சி; கழிக்கச் சொல்லும் குறிப்பு எங்கும் இல்லாததால் அது குறை என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவன், எனவே அழகாக இருந்தும் இந்தக் குறிப்பை நல்ல குறிப்பு என்று சொல்ல மாட்டேன்.

சொல்லும் உருபும் சேரும்போது இடையில் வரும் சாரியை இதைவிடச் சிக்கலானது. மேலே சொன்ன மரகதக் குறிப்பில் "தகரம் உருமாறி" என்று எழுதியிருக்கிறேன், அதனால் கலைக்க வேண்டிய நான்கு எழுத்துகளும் கண்முன்னே இருக்கின்றன. "தகரத்தை உருமாற்றி" என்று எழுதியிருந்தால் கடைசி மகர மெய் குறிப்பிலிருந்தே மறைந்துபோயிருக்கும். வாசகர் தகரத்தை மீட்டெடுத்த பிறகே கலைக்கத் தொடங்க முடியும். இதை அனுமதிக்கலாமா? சந்தியில் மிகும் வல்லின மெய்யை ஒளிந்திருக்கும் சொல்லின் எழுத்தாக எண்ணலாமா? உயிர்மெய்யை உயிராகவும் மெய்யாகவும் பிரித்துக் கலைக்கலாமா? ஒவ்வொரு புதிர் ஆசிரியரும் தமக்கென ஒரு வழக்கம் வைத்திருப்பார். அந்த வழக்கத்தை வாசகர் அறிந்துகொள்ள அன்றாட விளக்கத்தைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வேறோர் இதழில் ஒருமுறை, கலைக்க வேண்டிய எழுத்துகளில் ரகரம் இருந்த ஒரு குறிப்புக்கு மறுநாள் றகரம் உள்ள விடை வெளிவந்தது. அது அச்சுப் பிழையா, அமைத்தவரின் கவனக்குறைவா, அல்லது இரண்டு எழுத்தையும் ஒன்றெனக் கொள்ளலாம் என்று அவர் கருதினாரா என்பதை அறிய எனக்கு வழியே இருக்கவில்லை. விளக்கம் எழுதும் கட்டாயம் இருந்திருந்தால் அந்தப் பிழை அச்சுக்கே போயிருக்காது. விளக்கத்தை எழுதும்போது ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை செய்கிறது என்று கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். எந்த வேலையும் செய்யாமல் வாக்கிய ஓசைக்காக மட்டும் நிற்கும் "பழைய", "சிறிய" போன்ற அடைமொழிகள் அப்போது தாமே வெளிப்பட்டுவிடும்.

விளக்கம் வந்தால் வாசகர் முயலாமல் காத்திருந்து படித்துவிடுவார் என்று சிலர் சொல்லக்கூடும். விடை இன்றும் மறுநாளே வருகிறது. காத்திருப்பவர் இன்றும் காத்திருக்கத்தான் செய்கிறார். விளக்கத்தை இன்னும் ஒரு நாள் தள்ளி வெளியிட்டாலும் எனக்கு மறுப்பில்லை.

இடம் குறைவு என்பதே உண்மையான தடையாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். எல்லாக் குறிப்புகளுக்கும் விளக்கம் தர இயலாவிட்டால், இருபொருள் குறிப்புகளையும் மிகக் கடினமான நான்கைந்தையும் மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம். கட்டத்தின் அகலத்துக்குச் சிறிய எழுத்தில், இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்ற வரிசையிலேயே எண்ணிட்டு, விடையின் பொருளாக அமையும் பகுதியைத் தடித்த எழுத்திலும் சொல் விளையாட்டைச் சாதாரண எழுத்திலும் தந்தால் போதும். நாள்தோறும் முடியாதெனில், வாரத்துக்கு ஒருமுறை அந்த வாரப் புதிர்களிலிருந்து தேர்ந்தெடுத்த குறிப்புகளுக்கு, புதிர் ஆசிரியரே எழுதும் அரைப்பத்திப் பதவுரையாக வெளியிடலாம். ஒரு குறிப்பில் தவறு நேர்ந்திருந்தால் அதையும் அங்கேயே சொல்லித் திருத்தலாம்.

இந்த வேண்டுகோளைத் தங்கள் புதிர் ஆசிரியரிடம் சேர்ப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கடந்த வாரத்துப் புதிர்களில் விடை சரியாக எழுதியும் காரணம் தெரியாமல் நிற்கும் மூன்று குறிப்புகளின் எண்களைத் தனித்தாளில் எழுதி இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன்; அவற்றுக்கான விளக்கத்திலிருந்தே இந்தப் பகுதியைத் தொடங்கினால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்