முகப்பில் மட்டும் பறை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திராஷ் மெட்டல் என்னும் அதிவேக மின்கிதார் இசையின் தொகுப்புகளில் பழங்குடி இசையும் நாட்டார் இசையும் கலப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இது மேல்நாட்டு இரைச்சலுக்கு அடித்த உள்ளூர்ப் பூச்சு என்ற அக்கட்டுரையின் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. பூச்சாக நின்றுவிட்ட பாடல்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பூச்சு எது, கலப்பு எது என்று கேட்பவர் பிரித்தறிய வழி இருக்கிறது. அந்த இசைக்கு உரியவர்கள் பாடல் உருவான இடத்தில் உடன் இருந்தார்களா என்று பார்த்தால் போதும்.

இதை எனக்குக் கற்பித்தது ஓர் ஒலிநாடா. 1997-இல் கீழக்கரை நண்பர் ஒருவர் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, அத்தரோடும் பேரீச்சம்பழத்தோடும் செபுல்துரா குழுவின் 'ரூட்ஸ்' தொகுப்பையும் கொண்டுவந்து கொடுத்தார். பிரேசிலின் பெலோ ஒரிசோன்டே நகரில் 1984-இல் தொடங்கிய அக்குழு, உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கிக் கொண்டே வேகமாக மீட்டும் திராஷ் முறையில் பெயர் பெற்ற பிறகு, 1996-இல் இத்தொகுப்பை வெளியிட்டது. அதற்காக அவர்கள் மாட்டோ குரோசோ பகுதியில் வாழும் சவான்டே பழங்குடியினரின் ஊருக்கே சென்று, அவர்களோடு அமர்ந்து 'இட்சாரி' என்ற பாடலைப் பதிவு செய்தார்கள். அதில் மின்கிதாரின் உறுமல் இல்லை. சாதாரண கிதாரும் தாளமும் அம்மக்களின் குரல்களுமே இருக்கின்றன. பாடல்களை முழக்கத்தால் நிறைத்துப் பழகிய ஒரு குழு, பிறர் பாடுவதற்காகத் தன் முழக்கத்தை அடக்கிக்கொண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். 'ரட்டமகட்டா' பாடலில் பாகியா மாநிலத்துத் தாளக் கலைஞர் கார்லினோஸ் பிரவுன் வாசிப்பதும் பாடுவதும் இதே வகைதான். அவரை எடுத்துவிட்டால் அந்தப் பாடலே இல்லை. இத்தொகுப்பில் திராஷின் பழைய வேகம் குறைந்துவிட்டது என்று வருந்தும் ரசிகர்கள் உண்டு. எனக்கோ அந்த நிதானத்தில்தான் தாளம் நன்றாகக் காதில் விழுந்தது.

நியூசிலாந்தின் ஏலியன் வெப்பன்ரி குழு 2018-இல் வெளியிட்ட 'டூ' தொகுப்பையும் இங்கே சேர்க்க வேண்டும். அந்நாட்டுப் பழங்குடியினரான மாவோரி மக்கள் 1864-இல் பிரிட்டிஷ் படையை எதிர்த்து நின்ற கேட் பா போரைப் பற்றி அந்த இளைஞர்கள் மாவோரி மொழியிலேயே பாடுகிறார்கள். மொழியின் அசைகளே கிதாரின் வெட்டுகளைத் தீர்மானிப்பதால், அங்கே பூச்சு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இவற்றை எங்கள் கடற்கரையிலிருந்து கேட்பவனுக்குக் கரைவலை நினைவுக்கு வராமல் போகாது. வள்ளத்தில் சென்று கடலில் வலையை வளைத்துப் போட்டபின், இரு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு அணியாக நின்று இழுப்பார்கள். ஒருவர் அம்பா என்னும் வலையிழுப்புப் பாட்டை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கிப் பாட, ஒவ்வொரு வாங்கலுக்கும் கயிறு ஒரு முழம் கரையேறும். தொடக்கத்தில் நிதானமாகச் செல்லும் பாட்டு, மீன் சேரும் வலையின் மடி கரையை நெருங்கி மீன் துள்ளுவது தெரிந்ததும், இரு அணிகளும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்துவர, மூச்சுவிட இடமில்லாமல் விரைந்துவிடும். கனத்த நிதானத்திலிருந்து பாய்ச்சலுக்கு மாறும் இந்த அமைப்பை திராஷ் ரசிகர் எவரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார். என் தந்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் கயிறு இழுத்தவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு நம் மாவட்டத்துக் கல்லூரி விழா ஒன்றில் மாணவர் குழு ஒன்று மெட்டல் பாடல் வாசித்தது. முகப்பில் அரை நிமிடம் பறை ஒலித்தது. அது கைப்பேசியிலிருந்து ஒலிபெருக்கிக்குத் தரப்பட்ட பதிவு. அதே விழாவின் வரவேற்புக்கு அழைக்கப்பட்டிருந்த பறைக் கலைஞர்கள் நால்வர், வாசலில் விருந்தினரை அழைத்து முடித்துவிட்டு, மரத்தடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை மேடைக்கு அழைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அழைப்பிதழிலும் அவர்கள் பெயர் இல்லை. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆயினும் நல்லதையும் கண்டிருக்கிறேன். தங்கச்சிமடத்தில் எங்கள் தெரு இளைஞர்கள் மூவர், உச்சிப்புளிப் பக்கத்துப் பறைக் கலைஞர் ஒருவரை அழைத்துவந்து ஒரு மாதமாக மொட்டைமாடிக் கொட்டகையில் பயிற்சி செய்கிறார்கள். கிதார் வாசிப்பவர் கனத்த ஒலி வேண்டித் தடித்த தந்தியைத் தளர்த்திக்கொண்டிருக்க, பக்கத்தில் பெரியவர் பனையோலைத் தீயில் தோலைக் காய்ச்சி இறுக்கிக்கொண்டிருந்தார். கடற்காற்றின் ஈரத்தில் தோல் விரைவில் தொய்ந்துவிடுவதால் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை தீ மூட்ட வேண்டியிருந்தது. முதலில் பொறுமை இழந்த இளைஞர்கள், "தம்பி, காயாத தோலு பேசாது" என்று அவர் சொன்னபின் அந்த இடைவெளியில் அவரிடம் அடிகளைக் கேட்டு வாயால் சொல்லிப் பழகத் தொடங்கினார்கள். இப்போது அவர்களுடைய டிரம்ஸ், பறையின் அடியைப் பின்பற்றித்தான் நடக்கிறது.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இத்தகைய இசை பற்றி எழுதும்போது, கிதார் கலைஞர்களின் பெயரோடு உடன் வாசித்த நாட்டார் கலைஞர்களின் பெயரையும் அச்சிடுங்கள். அடுத்து, தங்கள் செய்தியாளர் ஒருவரை ஒலிப்பதிவுக் கருவியுடன் தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கும் ஒரு விடியற்காலையில் அனுப்பிவையுங்கள். எனக்குத் தெரிந்து அம்பா எடுத்துக் கொடுப்பவர்களில் அறுபது வயதுக்குக் குறைந்தவர் எவரும் இல்லை. எந்தக் கரையில் என்று வலை இழுக்கிறார்கள் என்பதைக் கேட்டுச் சொல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.