ஐந்து சொட்டுக்குப் பின்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன புதன்கிழமை எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் பேத்திக்கு, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸைத் தடுக்கும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஐந்தே சொட்டு. முகத்தைச் சுளித்துவிட்டு, அப்புறம் சப்புக்கொட்டினாள். என் தம்பியை ஒரு வயதில் வயிற்றுப்போக்குக்குப் பறிகொடுத்த வீடு இது.

குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பல ஆண்டுகள் ஆராய்ந்து, ஏராளமான கட்டுரைகள் எழுதியவர் ககன்தீப் காங். ரோட்டாவேக் என்ற ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைச் சோதித்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. முடிவுகள் 2014இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தன. சரி, எல்லாம் ஆங்கிலத்தில்தானே? தடுப்பூசி அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு "இது எதுக்கு?" என்று கேட்கிற தாய்க்கு யார் சொல்வது? வாரம் ஓர் ஆய்வையாவது எளிய தமிழில் மதுரைப் பதிப்பில் போடுங்கள்.

– ஒரு பாட்டி, மேலூர்