இந்த முறை இறங்கித் தள்ளு

அடையாறு, சென்னை

அன்புள்ள சேகருக்கு,

சைக்கிள் ஓட்டலாம் என்று மருத்துவர் உத்தரவு கொடுத்துவிட்டாராமே! இதை நான் பாலு வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். மாடிக் குழாய் மட்டும் இன்னும் ஒழுகுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் கழிந்ததும் ஜவ்வாது மலை. ஏலகிரி இல்லை, பயப்படாதே. அந்த 14 வளைவுகளைப் பற்றி உன்னிடம் பேசுவதில்லை என்று கமலாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வரைபடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தூக்கம் வரவில்லை. அகரம் ஆறும் செய்யாறும் சேர்ந்து அந்த மலையைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிளந்து வைத்திருக்கின்றன. அகரம் ஆறு வடக்கே இறங்குகிறது. செய்யாறோ தெற்கே செங்கம் பக்கம் இறங்கி, பிறகு கிழக்கே போகிறது. சண்டை போட்ட பங்காளிகள் மாதிரிப் பிரிந்து போனாலும் இரண்டும் கடைசியில் பாலாற்றில்தான் சேருகின்றன. ஒன்றின் பள்ளத்தாக்கில் ஏறி மற்றதன் பள்ளத்தாக்கில் இறங்கினால் எப்படி இருக்கும், சொல்!

ரயிலில் ஆம்பூர். அங்கிருந்து மாதனூர், ஒடுகத்தூர், ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர். இரவு அங்கே தங்கல். ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்கிறான் பாலு. அதைச் சாப்பிட்டுவிட்டு அவன் ஏறும் அழகைப் பார்ப்பதற்காகவே சம்மதிக்கலாம் என்று தோன்றுகிறது. மறுநாள் குப்பநத்தம் அணை, செங்கம், திருவண்ணாமலை. தார் ரோட்டை விட்டு எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி, ஊர்க்காரர்கள் நடமாடும் மண்பாதையில் போகலாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடி வைக்க மாட்டேன். 'யார் பார்க்கப் போகிறார்கள்' என்று நீ ஆரம்பிக்காதே.

மழைக்காலம் முடிந்து ஆற்றில் கொஞ்சமாவது தண்ணீர் இருக்கும், மண்ணும் இறுகியிருக்கும் என்றுதான் ஜனவரியைப் பிடித்தேன். ஈரச் செம்மண் டயரில் அப்பிக்கொண்டால் சக்கரமே சுற்றாது.

42 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் டயர் போட்டுவிட்டேன். தையூர் ஏரிப் பக்கம் மண்பாதையில் ஓட்டிப் பார்த்தபோது சீமைக்கருவேல முள் ஒன்று நேராக இறங்கியது. பிடுங்கினேன். டயருக்குள் ஊற்றியிருந்த அடைப்புத் திரவம் வெள்ளைப் பாலாகக் கொப்புளித்து, நுரைத்து, சக்கரத்தை நாலு சுற்று சுற்றுவதற்குள் துளை அடைபட்டுவிட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆடு மேய்க்கும் பெரியவர், "இது மனுஷனுக்கும் உண்டா?" என்று கேட்டார். நம் ஊர் வெயிலில் அந்தத் திரவம் சீக்கிரம் காய்ந்துபோகிறது. கிளம்புவதற்கு முன் புதிதாக ஊற்றிக்கொள்.

ஏற்றத்துக்குப் பழக இங்கே என்ன இருக்கிறது? பரங்கிமலை, அதை விட்டால் கத்திப்பாரா மேம்பாலம். உனக்குக் கோவையில் மலையே வாசலில் நிற்கிறது, கொடுத்து வைத்தவன்.

இப்போது விளையாட்டில்லாமல் ஒன்று சொல்கிறேன், சேகர். ஏற்றத்தில் காலை ஊன்றினால் மானம் போய்விடும் என்று காலேஜ் நாளிலிருந்து ஒரு பிடிவாதம் வைத்திருக்கிறாயே, அதைக் கோவையிலேயே விட்டுவிட்டு வா. நெஞ்சுக்குள் ஸ்டென்ட் இருக்கிறது. காட்டுக்குள் ஃபோனை நம்ப முடியாது, ஆம்புலன்ஸும் நினைத்த நேரத்தில் வராது. நிமிடத்துக்கு எவ்வளவு இதயத் துடிப்புக்கு மேல் போகக்கூடாது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள். மணிக்கட்டுக் கடிகாரத்தில் அந்த எண் தெரிந்த உடனே இறங்கித் தள்ள வேண்டும். நானும் இறங்குவேன், பாலுவும் இறங்குவான். கேலி செய்பவன் இரவுச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும். இதற்கு நீ ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் டிக்கெட் எடுக்கப் போவதில்லை.

உன் பழைய பல்சக்கரத்தையும் மாற்று. பின்னால் 28 பல்லை வைத்துக்கொண்டு சுமையோடு சரளையில் ஏறுவது வீம்பு. பின்னால் பல் கூடினால் மிதிப்பது லேசு, வேகம்தான் குறையும். என்னுடையதில் முன்னால் 40 பல், பின்னால் 42 பல். பாதசாரிகள் முந்திப் போவார்கள், போகட்டும்.

பாலாறும் செய்யாறும் கூடுகிற திருமுக்கூடலையும் இன்னொரு நாள் பார்க்க வேண்டும். வீரராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, நடந்ததைக் கல்வெட்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் கோஷ்டிக்குப் பொருத்தமான இடம்.

மருத்துவர் சொன்ன எண்ணை இந்த வாரமே எழுது. கமலாவையும் ஒரு வரி எழுதச் சொல். உன் கணக்கு மட்டும் போதாது.

அன்புடன்,
ரகு