இமைக்க மறந்த கண்கள்

கொழிஞ்சாம்பாறை,
தை மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. எப்போதும் நான்கு பக்கம் எழுதுகிறவன் இந்த முறை ஒன்றரைப் பக்கத்தோடு நிறுத்திவிட்டாய். "கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியதுபோல் எரிகிறது, இதற்குமேல் எழுத முடியவில்லை" என்ற வரியைப் படித்ததும் மனம் கேட்கவில்லை. சென்ற வருடம் இதே எரிச்சலோடு நானும் மூன்று மாதம் திண்டாடினேன். ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் அடுத்த கடிதத்தில். இது கண்ணைப் பற்றி மட்டும்.

பத்திரம் எழுதும் என் வேலை உனக்குத் தெரியும். இங்கே கேரளத்தில் பத்திரத்தை ஆதாரம் என்பார்கள். பேனாவால் ஆதாரம் எழுதிய நாட்கள் போய் எல்லாம் கணினிக்கு வந்துவிட்டது. சர்வே எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் இரண்டு குடும்பங்கள் கோர்ட் படியேறும் என்ற பயத்தில் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன். அதோடு பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. மார்கழியிலும் தையிலும் கிழக்கிலிருந்து வறண்டு வீசும். பனையோலைச் சலசலப்பு ராத்திரியிலும் ஓயாது. கொடியில் போட்ட ஈரத்துணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே உலர்ந்துவிடும். கண்ணின் ஈரத்தை மட்டும் அந்தக் காற்று விட்டுவைக்குமா?

முதலில் மருந்துக் கடையில் கேட்டு, சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து வாங்கினேன். ஒரு மணி நேரம் கண் பளிச்சென்று இருக்கும், மறுநாள் முன்னைவிடச் சிவந்துவிடும். அந்த மருந்து ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அதன் வேகம் இறங்கியதும் அவை மீண்டும் விரிகின்றன என்று பின்னால்தான் தெரிந்தது. நீயும் கடையில் கேட்டுத்தான் ஏதோ போடுகிறாய் என்று நினைக்கிறேன். அதை இன்றே நிறுத்து. ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் இன்னும் ஆபத்து. மருத்துவர் பார்வையில் இல்லாமல் அதைத் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தமும் புரையும் வரக்கூடும்.

கடைசியில் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். கண் மருத்துவர் ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த சின்னத் தாளைக் கீழிமைக்குள் தொட்டு எடுத்து, நீல வெளிச்சத்தில் பார்த்தபடி "இமைக்காதீர்கள்" என்று சொல்லி எண்ணத் தொடங்கினார். 10 நொடியாவது குலையாமல் நிற்க வேண்டிய கண்ணீர்ப் படலம் எனக்கு 4 நொடியிலேயே பிளந்துவிட்டது. கண்ணீரின்மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்று இருக்கிறதாம், தண்ணீர் ஆவியாகாமல் காப்பது அதுதானாம். அந்த எண்ணெய் இமை விளிம்பிலுள்ள சுரப்பிகளில் ஊறுகிறது. முழுதாக இமைக்கும்போதுதான் அது பிதுங்கிக் கண் முழுக்கப் பரவும். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 தடவை போல இமைக்கிறவர்கள் திரை முன்னால் அதில் பாதிகூட இமைப்பதில்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் மகளை எதிரே உட்கார்த்தி எண்ணச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் 6. அதிலும் இரண்டு அரைகுறை இமைப்பு.

அன்றிலிருந்து செய்வதைச் சொல்கிறேன். திரைக்கு முட்டுக் கொடுத்திருந்த இரண்டு பழைய பதிவேடுகளை எடுத்துவிட்டேன். பார்வை சற்றுத் தாழ்ந்தால் இமை கண்ணை அதிகம் மூடும். மேசை விசிறியைக் காலடிக்குத் திருப்பினேன். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே வேலியோரத் தென்னையைப் பார்த்து, கண்ணை இறுக்காமல் முழுக்க மூடித் திறக்கிறேன்.

ராத்திரியில் வெந்நீர் ஒற்றடம். இதைக் கட்டாயம் செய்துபார். பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, மூடிய இமைமேல் வை. இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், மறுபடி நனைத்துப் பிழி. 10 நிமிடமாவது வேண்டும். சுரப்பியில் உறைந்த எண்ணெய் இளகினால்தான் பயன். பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் விரல் நுனியால் மெதுவாக நீவு. எனக்கு மூன்றாம் வாரத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது, அவசரப்படாதே.

அம்மா நந்தியாவட்டைப் பூவை இமைமேல் வைக்கச் சொல்வார். குளுமையாக இருக்கும், வைத்துக்கொள். சாறு பிழிந்து கண்ணுக்குள் மட்டும் விடாதே. திரையின் நீலஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குச் செலவழிக்க நினைத்திருந்தாய். 2023இல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, கண் களைப்பு அதனால் குறைவதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. அந்தப் பணத்தில் பார்வையைச் சோதித்துக்கொள். நமக்கு நாற்பது தாண்டிவிட்டது, கிட்டப் படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம். கண்ணில் வலியோ சீழோ, வெளிச்சம் பார்த்தால் கூச்சமோ, திடீர் மங்கலோ இருந்தால் ஒற்றடத்தோடு நின்றுவிடாமல் அன்றே மருத்துவரிடம் போ.

பதிலை நீயே எழுத வேண்டாம், பையனிடம் சொல்லி எழுதச் சொல். நீ போடும் மருந்துப் புட்டியில் அச்சடித்திருக்கும் பெயரை ஓர் எழுத்துவிடாமல் அவன் அதில் எழுதட்டும்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்