'துல்லியத் தாக்குதல்' என்று தலைப்பிடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகில் எங்கே போர் மூண்டாலும் மறுநாள் காலைப் பத்திரிகையில் 'துல்லியத் தாக்குதல்' என்ற தலைப்பு வந்துவிடுகிறது. கூடவே கறுப்பு வெள்ளையில் ஒரு கட்டடம், அதன் நடுவில் குறுக்குக்கோடு, அடுத்த படத்தில் புகை. படம் தாக்கிய ராணுவம் கொடுத்தது. எத்தனை குண்டு போட்டார்கள், எத்தனை பட்டது என்ற கணக்கும் அவர்கள் கொடுத்ததுதான். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூரின்போது வீடியோ கேம் காட்சிகள்கூட போர்க்களக் காட்சிகளாகச் சுற்றின. கராச்சி துறைமுகம் அழிந்துவிட்டது என்று நம் தொலைக்காட்சிகள் சில அடித்துச் சொல்லின. அது நடக்கவே இல்லை. ஆயுதங்களின் துல்லியத்தைப் பற்றி எழுதும்போது நம் பத்திரிகைகள் அடிப்படையான சில கேள்விகளைக் கேட்காமல் விடுகின்றன என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 'மீட்டர்' கணக்கு. ஒரு குண்டுக்கு 5 மீட்டர் துல்லியம் என்று சொன்னால், போட்டதெல்லாம் 5 மீட்டருக்குள் விழும் என்றே வாசகர் நினைப்பார். ராணுவத்தில் 'சிஇபி' என்று சொல்லும் இந்த அளவுக்கு அர்த்தம் வேறு. 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் பாதி குண்டுகள் விழும். மீதிப் பாதி வெளியே விழும். பிழை எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறினால் 10 மீட்டருக்குள் சுமார் 94 சதவீதமும் 15 மீட்டருக்குள் 99.8 சதவீதமும் அடங்கும். அதுவும் எல்லா பாகமும் ஒழுங்காக வேலை செய்த குண்டுகளுக்குத்தான். துடுப்பு திரும்பாமல் மாட்டிக்கொண்டது, பேட்டரி உயிர் பெறாதது, தவறான எண் ஏற்றப்பட்டது ஆகியவை கிலோமீட்டர் கணக்கில் விலகிப் போகலாம். விளம்பரத்தில் வரும் சிஇபி அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஜேடாம் என்ற அமெரிக்கக் குண்டை எடுத்துக்கொள்வோம். அது புதிய குண்டு அல்ல. பழைய சாதாரணக் குண்டின் வாலில் ஜிபிஎஸ் கருவியையும், அசைவை வைத்தே இருக்கும் இடத்தைக் கணக்கிடும் கருவியையும், திருப்பக்கூடிய துடுப்புகளையும் பொருத்திவிடுகிறார்கள். ஜிபிஎஸ் கிடைத்தால் 5 மீட்டர், கிடைக்காவிட்டால் 30 மீட்டர் என்று அமெரிக்க விமானப் படையே சொல்கிறது. செய்திகளில் வருவது முதல் எண் மட்டும். இந்தக் கருவியைப் பூட்டும் பெரிய குண்டின் எடை சுமார் 900 கிலோ; உள்ளே இருக்கும் வெடிமருந்து மட்டும் 420 கிலோவுக்கு மேல். அதன் சில்லுகள் நூற்றுக்கணக்கான மீட்டர் பறக்கும். தி.நகர் ரங்கநாதன் தெருவின் ஒரு முனையில் அது குறி பிசகாமல் விழுந்தாலும் மறுமுனையில் நிற்பவருக்கு ஆபத்துதான். 5 மீட்டர் என்ற எண் அங்கே யாரையும் காப்பாற்றாது.

லேசர் வழிகாட்டும் குண்டு வேறு வகை. விமானத்திலிருந்தோ தரையிலிருந்தோ ஒருவர் இலக்கின் மேல் லேசர் புள்ளியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். குண்டின் மூக்கில் உள்ள உணரி அந்த ஒளித் துடிப்புகளைத் தேடி வரும். துடிப்பின் குறியீட்டு எண் குண்டிலும் லேசரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய வகைகளில் அந்த எண்ணை விமானம் கிளம்புவதற்கு முன்பே தரையில் கையால் வைத்துவிடுவார்கள். எண் ஒத்துப்போகாவிட்டால் குண்டு அந்தப் புள்ளியைக் கண்டுகொள்ளாது. நடுவில் மேகமோ புகையோ புழுதியோ வந்தால் குருட்டாம்போக்கில் விழும். தூரத்திலிருந்து சாய்வாக அடித்தால் புள்ளி நீண்டு, இலக்கின் விளிம்பைத் தாண்டிப் பின்னால் உள்ள சுவரில் படியும். குண்டு அந்தச் சுவருக்குப் போகலாம். முன்கூட்டியே லேசரைப் போட்டாலும் சிக்கல்: குண்டு சீக்கிரமே புள்ளியை நோக்கித் தாழ்ந்து, வேகம் இழந்து, இலக்குக்கு முன்பாகவே விழுந்துவிடும். அதனால் பல நேரங்களில் கடைசிச் சில விநாடிகள்தான் லேசர் அடிப்பார்கள். அந்தச் சில விநாடிகளுக்குள் ஒரு மேகம் குறுக்கே வந்தால் போதும்.

ஜிபிஎஸ் குண்டுக்கு மேகம் பிரச்சினை இல்லை. அதன் பலவீனம் சிக்னல். 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அலை தரைக்கு வரும்போது, வாங்கும் கருவியின் சொந்த இரைச்சலைவிடப் பலவீனமாக இருக்கும். அதே அலைவரிசையில் தரையிலிருந்து கத்தினால் அது அமுங்கிவிடும். உக்ரைனில் நடந்தது இதுதான். ஜிபிஎஸ் வழிகாட்டும் எக்ஸ்காலிபர் பீரங்கிக் குண்டு தொடக்கத்தில் 70 சதவீதம் குறியைத் தொட்டது, ரஷ்யா சிக்னலைக் குலைக்கத் தொடங்கிய சில வாரங்களில் அது 6 சதவீதமாகச் சரிந்தது என்று 2024-ல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவுக்கு அளித்த சாட்சியத்தில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் சொன்னார். குண்டில் எந்த மாற்றமும் இல்லை. விளம்பரத்திலும் பழைய எண்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஜிபிஎஸ் குண்டு இலக்கைப் பார்ப்பதில்லை. அதற்குக் கொடுக்கப்படுவது மூன்று எண்கள்: அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம். அந்த எண்கள் தவறாக இருந்தால் குண்டு தவறான இடத்தைத் துல்லியமாகத் தாக்கும். எண்கள் தவறுவதற்கு எதிரியின் சூழ்ச்சி எதுவும் தேவையில்லை. '13 டிகிரி 04.50 நிமிடம்' என்பதை ஒருவர் அவசரத்தில் '13 டிகிரி 04 நிமிடம் 50 விநாடி' என்று ஏற்றினால் 20 விநாடி வித்தியாசம் வரும். நம் அட்சரேகையில் ஒரு விநாடிக்குச் சுமார் 30.7 மீட்டர், மொத்தப் பிசகு 600 மீட்டரைத் தாண்டும். சென்னை சென்ட்ரலைச் சுற்றி 600 மீட்டருக்குள் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் ரிப்பன் மாளிகையும் இருக்கின்றன.

வரைபடத்தின் அடிப்படையும் ஒரு காரணம். இந்தியாவின் பழைய நிலவரைபடங்கள், பூமியின் வடிவத்துக்கான பழைய கணித மாதிரியான எவரெஸ்ட் நீள்வட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் பின்பற்றுவது டபிள்யூஜிஎஸ்-84 என்ற வேறொரு மாதிரி. பழைய வரைபடத்தில் படித்த எண்ணை மாற்றாமல் ஜிபிஎஸ்ஸில் போட்டால் சென்னையில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். உயரத்தில் இன்னும் நுட்பமான தொல்லை. ஜிபிஎஸ் அளப்பது கடல்மட்டத்திலிருந்து அல்ல, கணக்குக்காக வகுத்த ஒரு நீள்வட்டப் பரப்பிலிருந்து. சென்னைக் கரையில் கடல்மட்டம் அந்தப் பரப்புக்குச் சுமார் 90 மீட்டர் கீழே இருக்கிறது. உலகிலேயே இந்த இடைவெளி உச்சம் தொடுவது இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். அங்கே 100 மீட்டரைத் தாண்டும். எந்த உயரத்தைச் சொல்கிறோம் என்பதில் 90 மீட்டர் குழப்பம் நேர்ந்தால், 45 டிகிரிச் சாய்வில் இறங்கும் குண்டு 90 மீட்டர் தள்ளி விழும். நில அளவைத் துறையில் இருப்பவர்கள் தினமும் சரிபார்க்கும் விஷயம் இது. போர் அவசரத்தில் சரிபார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

இவை காகிதத்தில் மட்டும் நடக்கும் பிழைகள் அல்ல. 2001 டிசம்பர் 5-ம் தேதி ஆப்கானிஸ்தானின் காந்தகாருக்கு வடக்கே அமெரிக்க வீரர் ஒருவர் கையடக்க ஜிபிஎஸ் கருவியில் எதிரியின் இடத்தைக் குறித்தார். நடுவில் பேட்டரி தீர்ந்தது, மாற்றினார். மறுபடி உயிர்பெற்ற கருவி, அவர் நின்ற இடத்தின் எண்ணையே திரையில் காட்டியது. கவனிக்காமல் அதை விமானத்துக்குச் சொல்லிவிட்டார். பி-52 விமானம் போட்ட ஜேடாம் அந்த எண்ணுக்கு நேராக வந்து விழுந்தது. மூன்று அமெரிக்க வீரர்களும் உடனிருந்த ஆப்கானியர் பலரும் இறந்தார்கள். பின்னாளில் அதிபரான ஹமித் கர்சாய் காயத்தோடு தப்பினார். 1999 மே 7 இரவு பெல்கிரேடில் சீனத் தூதரகத்தின் மேல் விழுந்த ஐந்து ஜேடாம்களும் அப்படித்தான். அமெரிக்கர்கள் தாக்க நினைத்த யூகோஸ்லாவிய ராணுவக் கொள்முதல் அலுவலகத்தின் கதவு எண்ணை வைத்துத் தெரு வரைபடத்தில் உத்தேசமாக இடம் பிடித்தார்கள். தூதரகம் புதிய இடத்துக்கு மாறியது பட்டியல்களில் ஏறவில்லை. மூன்று பேர் இறந்தார்கள். 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாத்தின் அமிரியா பதுங்கிடத்தில் குறியும் சரி, குண்டும் சரி. உள்ளே உறங்கியவர்கள் பொதுமக்கள். 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த மூன்று தாக்குதலிலும் ஆயுதம் குறி தவறவில்லை.

பிரசாரம் இந்த இடத்தில்தான் நுழைகிறது. ஆயுதம் சொன்ன இடத்துக்குப் போனதை, சரியான ஆளைத் தாக்கியதாக மாற்றிச் சொல்கிறார்கள். 'வெற்றி' என்பதை எப்படி எண்ணுகிறார்கள் என்பதையும் மறைக்கிறார்கள். 1991 வளைகுடாப் போரில் டோமஹாக் ஏவுகணை 98 சதவீத வெற்றி என்று பென்டகன் சொன்னது. அது ஏவுதலின் வெற்றிக் கணக்கு. எத்தனை ஏவுகணை இலக்கை அழித்தது என்பதற்கு அது பதில் அல்ல. எஃப்-117 விமானம் போட்ட குண்டுகளில் 80 சதவீதம் பட்டது என்றார்கள். அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 1997-ல் அதை 41 முதல் 60 சதவீதம் வரை என்று குறைத்தது. எதிரி ஏவுகணையை வானிலேயே தடுக்கும் பேட்ரியாட், தான் எதிர்கொண்ட ஈராக்கின் 42 ஸ்கட் ஏவுகணைகளில் 41-ஐ இடைமறித்தது என்று அதிபர் ஜார்ஜ் புஷ் பேட்ரியாட்டைத் தயாரித்த தொழிற்சாலையிலேயே நின்று அறிவித்தார். பத்தே நாளில், 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஸ்கட் விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். நூறு மணி நேரம் அணைக்காமல் ஓடிய பேட்ரியாட் கணினியின் கடிகாரம் விநாடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகியிருந்தது. அது வானத்தில் தவறான இடத்தைத் தேடியது. ஸ்கட்டின் வெடிமுனை அழிந்ததற்கு வலுவான ஆதாரம் இருப்பது சுமார் 9 சதவீத மோதல்களில் மட்டும் என்று 1992-ல் ஜிஏஓ சொன்னது. முதல் எண் முதல் பக்கத்தில் வந்தது. திருத்தம் வந்தபோது போர் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வீடியோவையும் அப்படியே நம்ப முடியாது. 1999 ஏப்ரல் 12 அன்று செர்பியாவின் கிர்தெலிட்சா பாலத்தில் பயணிகள் ரயிலின் மேல் நேட்டோ குண்டு விழுந்தது. ரயில் திடீரென்று வந்துவிட்டது, விமானிக்கு அவகாசமே இல்லை என்று காட்ட ஒரு வீடியோவை வெளியிட்டார்கள். அது உண்மையான வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஓட்டப்பட்டிருந்தது என்று அடுத்த ஆண்டு ஜனவரியில் ஒரு ஜெர்மன் நாளிதழ் கண்டுபிடித்து எழுதியது. 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ட்ரோன் தாக்குதலில் ஏழு குழந்தைகள் உட்படப் பத்துப் பேர் இறந்தபோது, அது நியாயமான தாக்குதல் என்று அமெரிக்க முப்படைத் தளபதியே சொன்னார். வெடிகுண்டு என்று சந்தேகப்பட்டவை தண்ணீர் கேன்கள் என்று ஒரு நாளிதழ்தான் காட்டியது. செப்டம்பர் 17 அன்று பென்டகன் தவறை ஒப்புக்கொண்டது.

தமிழ் வாசகர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2009-ல் வன்னியில் நடப்பது மனிதாபிமான மீட்பு நடவடிக்கை, பொதுமக்கள் உயிரிழப்பு பூஜ்ஜியம் என்றே இலங்கை அரசு சொல்லிவந்தது. மக்களைத் திரளச் சொன்ன பாதுகாப்பு வலயங்கள் மூன்றிலும் அரசுப் படைகள் பெருமளவில் ஷெல் அடித்தன, மருத்துவமனைகள் மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டன என்று ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு 2011-ல் எழுதியது. புலிகள் மக்களைக் கேடயமாக நிறுத்தியதையும் அதே அறிக்கை பதிவு செய்கிறது. ஷெல்லும் பல்குழல் ராக்கெட்டும் வழிகாட்டு ஆயுதங்களே அல்ல. 122 மில்லிமீட்டர் பல்குழல் வண்டி ஒன்று சுமார் 20 விநாடிகளில் நாற்பது ராக்கெட்டை உமிழும். அவை ஒரு புள்ளியில் விழாது, ஒரு நிலப்பரப்பு முழுதும் சிதறி விழும். அந்த ஆயுதத்தை மக்கள் நெருங்கி இருந்த இடத்தின் மேல் பயன்படுத்திவிட்டு உயிரிழப்பு பூஜ்ஜியம் என்று சொல்ல எந்தக் கணக்கிலும் இடமில்லை. அன்றைக்கு ஆயுதத்தின் பெயரைக் கேட்டிருந்தாலே அந்தப் பூஜ்ஜியம் நிற்காது என்று தெரிந்திருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த முறை 'துல்லியம்' என்று ஓர் அறிக்கை மேசைக்கு வரும்போது எத்தனை ஏவப்பட்டன, எந்த வகை வழிகாட்டுதல், இலக்கின் எண் எங்கிருந்து வந்தது, 'வெற்றி' என்று எதை எண்ணினார்கள், தாக்குதலுக்குப் பிறகு யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 'ராணுவம் கூறுகிறது' என்ற இரண்டு சொற்களைத் தலைப்பிலேயே போடுங்கள். உள்ளே மூன்றாம் பத்தியில் போட்டால் யாரும் படிப்பதில்லை. வீடியோ வந்தால் அதன் நீளம், எங்கே வெட்டப்பட்டிருக்கிறது, கொடுத்தவர் யார் என்பதைப் படத்தின் கீழேயே அச்சிடுங்கள்.

நம் ராணுவம் என்றாலும் இதே அளவுகோல் வேண்டும். 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் விழுந்த எம்ஐ-17 ஹெலிகாப்டரைத் தாக்கியது நம் சொந்த ஏவுகணைதான் என்று விமானப் படைத் தளபதி அக்டோபரில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். விமானப் படையினர் ஆறு பேரும் தரையில் நின்ற ஒருவரும் இறந்திருந்தார்கள். விழுந்த அன்று அது முதல் பக்கச் செய்தி. இப்படிப்பட்ட உண்மை எத்தனை மாதம் கழித்து வந்தாலும் அதே முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுவதை உங்கள் நாளிதழ் ஒரு வழக்கமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நில அளவைப் பொறியாளர் ஒருவர்,
அடையாறு, சென்னை - 20